கூசு

துணி மிருதுவாக இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்ப்பார்கள். அவள் அப்படிப் பார்க்கமாட்டாள். இடது கண்ணை மூடிக்கொண்டு, துணியை இமைமேல் வைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பாக இழுப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. இழுத்து முடித்ததும் துணி இரண்டு குவியல்களில் ஒன்றில் போய் விழும். வலப்பக்கக் குவியல் இயந்திரங்களுக்கு. இடப்பக்கக் குவியல் குழந்தைகளுக்கு.

"ஏம்மா, எப்பவும் அந்த ஒரு கண்ணையே போட்டுத் தேய்க்கிறீங்களே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சோத்தாங்கண்ணு சோத்துக்கு வேணும் சார். பீச்சாங்கண்ணு கூசுக்கு."

கூசு என்றால் கன்னடத்தில் கைக்குழந்தை. அவள் பாகலூருக்கு அந்தப் பக்கம், கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் கலந்து பேசுவாள். குழந்தைக்கு மட்டும் எப்போதும் கன்னடச் சொல்தான். நான் திருச்சிப் பக்கத்திலிருந்து போனவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் "கூசுக்கு ஆவாது" என்று ஒரு துணியை எறிந்தபோது, தோலில் பட்டால் கூசும் என்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதம் அப்படியே நினைத்திருந்தேன். அர்த்தம் தெரிந்த பிறகும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எது பட்டாலும் கூசுவதுதானே கூசு.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் பொறுப்பாளன். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எண்ணுவது என் வேலை. திருப்பூரிலிருந்து வாரம் எட்டு மூட்டை பனியன் வேஸ்ட் வரும். பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள், தையல் கோணிய பனியன்கள், விற்காத குழந்தைச் சட்டைகள் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். இயந்திரத்தில் எண்ணெய் துடைக்க அதுதான். அதில் ஒரு கொக்கியோ பித்தானோ தங்கிவிட்டால், கடைந்து முடித்த ஷாஃப்டில் கீறல் விழும். ஒரு கீறல், ஒரு ரிஜெக்ட். அதனால் ஸ்டோர்ஸ் பின்வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு துணியாகப் பிரித்து, கொக்கியையும் பித்தானையும் கத்தரித்து எடுக்க ஓர் ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆள் அவள். எடுத்த கொக்கிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பாள். வேலை குறைந்த ஒரு மத்தியானம் அதைக் கொட்டி எண்ணினேன். ஆயிரத்து நூற்று ஆறு.

"எண்ணி முடிச்சாச்சா? இப்ப என்னா, அதுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வெப்பீங்களா?" என்றாள். அன்றிலிருந்து நான் 'லெக்கா சார்' ஆனேன். லெக்கா என்றால் கணக்கு.

அவளைத் தொழிற்சாலை முழுக்க 'வேஸ்ட்டம்மா' என்று கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள். ஒப்பந்தக் கூலி என்பதால் வருகைப் பதிவேட்டில் பெயர் கிடையாது, டோக்கன் எண் மட்டும். நூற்றுப் பதினெட்டு. இரண்டு வருடம் ஏழு மாதம் அந்த எண்ணுக்கு எதிரே தினமும் குறி போட்டவன் நான். பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது எழுதும்போது 'அவர்' என்று போடலாமா என்று யோசித்தேன். அன்று மனத்தில் இல்லாத மரியாதையை இன்று காகிதத்தில் வைக்கப் பிடிக்கவில்லை.

குழந்தைகள் அவளிடம் வந்து சேர்ந்தது பழந்துணிப் பஞ்சத்தால். எங்கள் குடியிருப்பில் முப்பத்தாறு வீடுகள். சேலம், மதுரை, திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ வந்த இளம் தம்பதிகள். எல்லோர் வீட்டிலும் புதுப் பாத்திரம், புதுப் பெட்டி, புதுத் துணி. கைக்குழந்தையைத் துடைக்கப் பத்து வருடம் துவைத்து நைந்த வேட்டி வேண்டும். அது ஒரு வீட்டிலும் இல்லை. புதுத் துண்டால் துடைத்தார்கள். தோல் சிவந்தது. சிவந்ததன்மேல் பவுடர் கொட்டினார்கள். பவுடர் வியர்வையில் ஊறி மடிப்புகளில் கட்டிக்கொண்டு புண்ணானது. இன்றுபோல் பாக்கெட்டில் அடைத்த ஈரத்துணி அன்று எங்கள் கண்ணில் பட்டதில்லை. ஒரு லேத் ஆபரேட்டர் தன் குழந்தையின் தொடைப் புண்ணைப் பற்றி அவளிடம் புலம்பியிருக்கிறான். மறுநாள் இடப்பக்கக் குவியல் தொடங்கியது.

ஒரு குழந்தைக்கு நாற்பது துண்டு. வெள்ளை மட்டும். சாயம் ஏறியது ஆகாது. உள்ளங்கை அகலம். தையல் ஓரம் இருந்தால் வெட்டிவிடுவாள். நான் கேட் பாஸில் 'கழிவுத் துணி, 40' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஆனால் கேட்டவுடனே கொடுத்துவிடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து முதலில் குழந்தையைப் பார்ப்பாள். தொடை இடுக்கு, கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்னால். பிறகு தாயைப் பார்ப்பாள். அதற்குத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

"என்னாம்மே இது? பவுடர இந்தக் கொட்டு கொட்டி வெச்சிருக்கே. மாவுல பொரட்டி போண்டா சுடப் போறியா?"

"வாசனையா இருக்கட்டும்னுதான்..."

"கூசுக்கு என்னாத்துக்கு வாசன? அதுக்குப் பொண்ணு பாக்க வராங்களா? எந்தப் பவுடரு, எடு. ஊது. ஊதும்மே. பாத்தியா, எங்க போச்சு? உம் மூக்குக்குள்ள. அதுக்கும் அங்கதான் போவும்."

சோப்பைக் கொண்டுவரச் சொல்வாள். நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைப்பாள். நாக்கு வழுக்கினால் சரி. சுள்ளென்றால் அந்தச் சோப்பு ஜன்னல் வழியாக வெளியே போகும். ஒன்பது சோப்புகள் அப்படிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் எடுத்துவந்து மறுபடி வைக்கத் துணிந்ததில்லை. அடுத்த ஞாயிறு வந்து முகர்ந்து கண்டுபிடித்துவிடுவாள்.

ஓசூர் கடைவீதியில் குழந்தைச் சாமான் விற்கும் ஒரு பாய் இருந்தார். தங்கமான மனிதர், குரலே எழாது. அவர் புதிதாக ரோஸ் நிறத்தில் ஒரு லோஷன் வரவழைத்திருந்தார். அவள் ஒரு சொட்டு வாங்கி முழங்கை மடிப்பில் தேய்த்துக்கொண்டு, "ரெண்டு நாளு கழிச்சி வரன்" என்று போனாள். சொன்னபடியே வந்தாள். நானும் அப்போது கடையில் இருந்தேன். ஒரு கர்ப்பிணிப் பெண் தன் தாயோடு வந்து அந்த லோஷனைத்தான் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேஸ்ட்டம்மா தன் கையை நீட்டி அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். மடிப்பில் மிளகு மிளகாகச் சிவந்திருந்தது. பதினான்கு.

"பாத்துக்கம்மா. இது அம்பது வருசம் வெயில்ல காஞ்ச தோலு. உன்னுது இன்னும் வெளியவே வல்ல."

அந்தப் பெண் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். பாய் கெஞ்சினார். "அம்மா, நான் கடைய மூடிட்டுப் போயிடவா?"

"கடைய என்னாத்துக்கு பாய் மூடணும்? பாட்டில மூடுங்க."

இதையெல்லாம் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். அவள் அவரவர் வாசலை விட்டு நகர்ந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டால் எல்லாமே சிரிப்புதான்.

ஆனால் துவாலை விஷயத்தில் யாரும் சிரிக்கவில்லை. கிரைண்டிங் பிரிவு ஃபோர்மேன் வீடு எங்களுக்கு மூன்றாவது. அவன் மனைவிக்குப் பத்தொன்பது வயது. தலைப்பிள்ளை, ஆண். அவள் குழந்தையைக் குளிப்பாட்டி முரட்டு டர்க்கி டவலால் அழுத்தித் துடைப்பாள். ஈரம் இருந்தால் சளி பிடிக்கும் என்று பயம். குழந்தையின் முதுகில் வரிவரியாகச் சிராய்ப்பு. வேஸ்ட்டம்மா அதைப் பார்த்தாள். டவலை எடுத்தாள். அந்தப் பெண்ணின் முன்கையைப் பிடித்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தேய்க்க ஆரம்பித்தாள்.

"விடுங்க... எரியுது... விடுங்கம்மா..."

"எரியுதா? அதுக்கு வாய் வல்ல. உனுக்கு வந்துச்சு. சொல்லு, இன்னும் சொல்லு."

முப்பத்தொரு இழுப்பு. தோல் கிளம்பி நீர் கோத்தது. வாசலில் கூடிவிட்டோம், பன்னிரண்டு பேர். ஒருவரும் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் சிலருக்கு நன்றாகவே இருந்தது. அந்தப் பெண் கொஞ்சம் நிறமானவள், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. சத்தம் கேட்டு ஃபோர்மேன் உள்ளேயிருந்து ஓடிவந்தான்.

"ஏய், என்னா பண்ற எம் பொண்டாட்டிய?"

"உம் பொண்டாட்டி உங் கூசுக்குப் பண்ணத."

துவாலையை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, தான் கொண்டுவந்த நாற்பது துண்டுகளையும் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். குழந்தையின் முதுகு நான்கு நாளில் ஆறிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு மூன்று வாரம் அந்தக் கையில் வளையல் ஏறவில்லை. ஃபோர்மேன் அதை மறக்கவில்லை. அவளைக் காணும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் பதினோரு மாதம் கழித்து மகள் பிறந்தாள். இரண்டாவது மாதத்தில் இடுப்பைச் சுற்றிச் சிவப்புப் பொரி. கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணினேன். நாற்பத்தொன்று. மறுநாள் ஐம்பத்து மூன்று. என் மனைவி அழுதாள். வேஸ்ட்டம்மா அந்த ஞாயிறு வரையில் காத்திருக்கவில்லை. சொன்ன அன்றே, ஷிப்ட் முடிந்ததும் என் பின்னாலேயே வந்துவிட்டாள். குழந்தையை மடியில் போட்டு வெகுநேரம் பார்த்தாள். எங்களைத் திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"ரொம்ப மெல்லிசுத் தோலு சார் இதுக்கு. வெங்காயத்தோட உள்தோலு இருக்குதில்ல, அது மாதிரி. கொதிக்க வெச்சி ஆறின தண்ணி. எந் துணி. அவ்ளோதான். சோப்பு வேணாம், பவுடரு வேணாம். துணியவும் வெறும் தண்ணிலதான் அலசணும். வேற எதுவும் படக் கூடாது. லெக்கா சார், கேக்குதா? எதுவும்னா எதுவும்."

மற்றவர்களுக்கு ஒருமுறை இழுத்துப் பார்ப்பவள், என் மகளுக்கு ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை இமையில் இழுத்துத் தேர்ந்தெடுத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எண்பது இழுப்பு. முடித்தபோது அவள் கண்ணில் நீர் வடிந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

ஒன்பதே நாளில் ஐம்பத்து மூன்று ஆறாக இறங்கியது.

அந்த வாரம்தான் ஒரு மூட்டையைப் பிரிக்கும்போது உள்ளே காய்ந்துபோன எலி ஒன்று இருந்தது. "என் பொண்ணோட துணி?" என்று கேட்டேன். அவள் வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே எறிந்தாள். "இது இன்னிக்கி மூட்ட சார். உங்க கூசுத் துணி போன மாசத்து மூட்ட. எலிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றாள். என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே லாரி, ஒரே கிடங்கு. கிருமிக்கு மூட்டை எண் தெரியுமா?

எங்கள் தொழிற்சாலையில் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஒரு வெள்ளைப் பொடி உண்டு. காரப்பொடி என்போம். தொட்டியில் அதைக் கரைத்து இரும்பை முக்கி எடுத்தால் பளிச்சென்று வரும். இரும்பையே இப்படிச் சுத்தம் செய்வது துணியில் ஒரு கிருமியையும் விட்டுவைக்காது என்று நினைத்தேன். படித்தவன், நினைத்தேன். டிபன் பாக்ஸின் மேல் தட்டில் பொடியை எடுத்து வந்தேன். பாஸ் இல்லாமல் ஒரு போல்ட் வெளியே போனாலும் வேலை போய்விடும். அப்படி இரண்டு பேரைப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். மறுநாள் மனைவி கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு வாளித் தண்ணீரில் மூன்று கரண்டி போட்டு, நாற்பது துண்டுகளையும் இருபது நிமிடம் கொதிக்கவைத்தேன். ஏழு முறை அலச நினைத்திருந்தேன். ஒருமுறை அலசியதும் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. அப்படியே பிழிந்து உலர்த்தினேன். காய்ந்தபோது துணி அவ்வளவு வெள்ளையாக இருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து மனைவி அந்தத் துண்டுகளை நனைத்துத்தான் துடைத்தாள். குழந்தை அலறியது. அலறுகிறதே, அழுக்குப் போகவில்லையோ என்று இன்னும் துடைத்தாள். சாயங்காலம் இடுப்பிலும் தொடையிலும் தோல் வழண்டு வந்தது. பதினொரு துண்டுகள் செலவாகியிருந்தன.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார்: "எதால தொடச்சீங்க?"

"ஃபேக்டரித் துணி சார். வேஸ்ட் பிரிக்கிற ஒரு அம்மா கொடுத்தது" என்றாள் என் மனைவி.

டாக்டர் என்னைப் பார்த்தார். "மெஷின் துடைக்கிற துணியாலயா குழந்தையத் துடைப்பீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். மகள் பதினேழு நாள் மருத்துவமனையில் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள்.

அதற்குள் குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஃபோர்மேன் எழுத்து மூலமாகவே புகார் கொடுத்தான். கம்பெனிக் கழிவை வெளியே கொடுக்கிறாள், அதில் ரசாயனம் இருந்து குழந்தை வெந்துவிட்டது, மற்ற குழந்தைகளுக்கும் ஆபத்து. முப்பத்தாறு வீடுகளில் அவளால் ஆறிய குழந்தைகள் பத்தொன்பது. ஒரு வீடும் அவளுக்காகப் பேச வரவில்லை. அவள் வாயால் காயப்படாத தாய் அங்கே யாருமில்லை.

விசாரணை ஸ்டோர்ஸ் பின்வாசலிலேயே நடந்தது. பர்சனல் ஆபீசர், ஃபோர்மேன், நான், வேடிக்கை பார்க்க ஏழெட்டுத் தொழிலாளர்கள். மிச்சமிருந்த இருபத்தொன்பது துண்டுகளை ஒரு பையில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கொண்டுபோனேன். வழியில் எங்காவது எறிந்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. எண்ணிக்கை கேட்பார்களே என்று பயந்தேன்.

அவள் ஒரு துண்டை எடுத்து விரித்துப் பார்த்தாள். "வெட்டு என்னுது. துணியும் என்னுதுதான்."

"ஒத்துக்கிட்டா சார்" என்றான் ஃபோர்மேன்.

அவள் அவனைக் கவனிக்கவில்லை. குடத்துத் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்தாள். இடது கண்ணை மூடி, இமைமேல் இழுத்தாள். முகம் மாறியது. இன்னொரு முறை இழுத்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"இதுல என்னமோ பட்டுருக்குது சார். எங் கையி விட்டுப் போனப்புறம் பட்டுருக்குது."

"நடிக்கறா பாருங்க சார். கண்ணீர் வேற."

"நடிப்பா?" என்றாள் அவள். மூன்றாவது முறை இழுத்தாள். நான்காவது முறை கண்ணை மூடாமலே இழுத்தாள்.

நான் நான்கையும் எண்ணினேன். அவள் கையைப் பிடித்து நிறுத்த இரண்டடி தூரம்தான் இருந்தது.

கண் ரத்தமாகச் சிவந்துவிட்டது. அவள் துண்டின் நுனியை நாக்கில் வைத்தாள். துப்பினாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"காரம். சாமானு கழுவுற காரம். லெக்கா சார், எத்தினி கரண்டி போட்டீங்க?"

யாரோ சிரித்தார்கள். பர்சனல் ஆபீசர் என்னைப் பார்த்தார். "என்ன சார் சொல்றா இவ?"

"நான் எதுவும் போடலை சார். வெறும் தண்ணியிலதான் அலசினோம்."

"சொந்தக் குழந்தைக்கு யாராச்சும் காரம் போடுவாங்களா? கொழுப்பப் பாருங்க சார்" என்றான் ஃபோர்மேன்.

அவள் அசையவில்லை. ஒரு கண்ணால்தான் பார்த்தாள். மற்றது திறக்கவில்லை.

"ஒண்ணா, ரெண்டா? சும்மா சொல்லுங்க சார். உங்க லெக்கா தப்பாதே. டாக்டருகிட்டச் சொன்னா கூசுக்கு அதுக்கேத்த மருந்தாச்சும் குடுப்பாங்க."

"எதுவும் போடலை."

"உங்களுக்குக் கூசலையா சார்?"

அன்று அவள் சொன்ன கூசு கன்னடம் இல்லை.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் ஆபீசர். ஒப்பந்தக் கூலியை அனுப்ப அவ்வளவு போதும். கத்தரிக்கோல் கம்பெனிச் சொத்து, ஸ்டோர்ஸில் திருப்பிக் கொடுத்தால்தான் வெளியே விடுவார்கள். இடுப்பிலிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். 'கத்தரிக்கோல், 1' என்று எழுதினேன். கைநாட்டு வைத்தாள். விரல் மை காய்வதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டாள். பிஸ்கட் டின்னை அங்கேயே விட்டுப் போனாள். அதை நான் பிறகு எண்ணவில்லை.

அதற்குப் பிறகு குடியிருப்பில் மறுபடி பவுடர் வாசனை வந்தது. பாய் அந்த ரோஸ் லோஷனை முன்வரிசையில் வைத்தார். இரண்டு மாதத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒருமுறை அவளைப் பார்த்தேன். ஏழெட்டு மாதம் கழித்து, வேறு வேலையாகப் பஸ்ஸில் போகும்போது, பாகலூரில் சந்தைப் பக்கமாக வண்டி நின்றது. தரையில் உட்கார்ந்து தக்காளி பிரித்துக்கொண்டிருந்தாள். நல்லது ஒரு குவியல், அடிபட்டது ஒரு குவியல். ஒவ்வொரு தக்காளியையும் தூக்கி, கழுத்தை நன்றாகத் திருப்பி, வலது கண்ணுக்கு நேரே கொண்டுபோய்ப் பார்த்தாள். இடது கண் வேகவைத்த முட்டைபோல் வெளுத்திருந்தது. பஸ் ஆறு நிமிடம் நின்றது. நான் ஜன்னலோரம் இருந்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம். அவளுக்கு நான் இடப்பக்கம் இருந்தேன். இறங்கவில்லை.

என் மனைவி போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவளிடமும் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் அவள் வேஸ்ட்டம்மாவைச் சபித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாபத்தை மகளும் வாங்கிக்கொண்டாள். மகளின் இடுப்பில் இன்னமும் எட்டணா அகலத்துக்கு ஒரு வெளுத்த தழும்பு உண்டு. யாராவது கேட்டால் கதையாகவே சொல்வாள்: ஓசூரில் ஒரு பைத்தியக்காரக் கிழவி இருந்தாளாம், மெஷின் துடைக்கிற துணியைக் கொடுத்துக் குழந்தைகளைப் பொசுக்குவாளாம், எங்கப்பாதான் அவளைக் கண்டுபிடித்து வேலையைவிட்டு அனுப்பினாராம். கேட்பவர்கள் என்னைப் பெருமையாகப் பார்ப்பார்கள்.

இப்போது மகளுக்கு நாலு மாதக் குழந்தை. போன வாரம் குழந்தை துடைக்கும் ஈரத்துணி மூன்று பாக்கெட் வாங்கி வந்து என்முன் வைத்தாள். ஒன்றில் எழுபத்திரண்டு, ஒன்றில் எண்பது, ஒன்றில் முப்பது. எல்லாவற்றிலும் மென்மை, மென்மை என்று அச்சடித்திருந்தது.

"அப்பா, இதுல எது நல்லாருக்குன்னு சொல்லுங்க. நீங்கதான் எதையும் எண்ணி எண்ணிப் பார்த்து வாங்குற ஆளாச்சே."

சமையலறைக்குப் போய்விட்டாள். நான் ஒவ்வொன்றிலும் ஒரு துணி உருவி, இடது கண்ணை மூடி, இமைமேல் இழுத்தேன். முதலாவது சரி. இரண்டாவது சரி. மூன்றாவது சுள்ளென்றது. இன்னொரு முறை இழுத்தேன். மூன்றாவது முறையும் இழுத்தேன். நான்காவதாகக் கண்ணைத் திறந்துகொண்டு இழுக்கக் கை வரவில்லை.

மகள் திரும்பி வந்து பார்த்தாள். என் கன்னத்தில் நீர் வடிந்திருக்க வேண்டும்.

"என்னப்பா பண்றீங்க? கண்ணு கூசுதா?"

"இல்லை" என்றேன்.